மேடையை எடுத்த பிறகு

பார்வையாளர் நாற்காலியில் உட்காராமல், கதை நடக்கும் அறைகளுக்குள்ளேயே நடந்து திரியும் நாடகத்தை ‘இம்மர்சிவ் தியேட்டர்’ என்கிறார்கள். கையில் காசில்லாத குழுக்களுக்கு இது பிடித்துப்போவதில் வியப்பில்லை. அரங்க வாடகை வேண்டாம், திரைச்சீலை வேண்டாம். ஒரு பழைய வீடும் நாலு குண்டு பல்பும் போதும். ஆனால் மேடை வெறும் மரப்பலகை அல்ல. நடிப்பவரையும் பார்ப்பவரையும் பிரிக்கும் அந்த உயரம் நடிகையின் பாதுகாப்பும்கூட. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைக்கிறோம்?

யோகோ ஓனோவின் ‘கட் பீஸ்’ அநேகமாகச் செலவே இல்லாத படைப்பு. 1964இல் ஜப்பானிலும் 1965இல் நியூயார்க்கிலும் நிகழ்த்தினார். அவர் அசையாமல் அமர்ந்திருக்க, பார்வையாளர்கள் ஒவ்வொருவராக ஏறிவந்து கத்தரிக்கோலால் அவருடைய உடையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொள்ளலாம். நியூயார்க் படப்பதிவில் ஓர் இளைஞன் உள்ளாடைப் பட்டையை வெட்டுகிறான்; ஓனோவின் கைகள் மார்பை மூட எழுகின்றன. 1974இல் நேபிள்ஸில் மரீனா அப்ரமோவிச் 72 பொருட்களை மேசையில் பரப்பிவிட்டு ஆறு மணி நேரம் நின்றார். உடை கிழிந்தது, தோல் கீறப்பட்டது, கடைசியில் தோட்டா போட்ட துப்பாக்கி அவரை நோக்கியே திருப்பப்பட்டது.

இருவரும் தம் உடலைத் தாமே பணயம் வைத்தார்கள். அந்த ஆபத்துதான் படைப்பின் பொருள். இன்னொரு பெண்ணை நடிக்க அழைக்கும் இயக்குநருக்கு அந்த உரிமை கிடையாது. அவள் ஒப்புக்கொண்டது பாத்திரத்துக்கு. இருட்டில் நீளும் கைக்கு அல்ல.

பெரும் பணம் இருந்தால் இது தீர்ந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. நியூயார்க்கில் 2011இல் தொடங்கிய ‘ஸ்லீப் நோ மோர்’ பல மாடிகளில் விரிந்த நாடகம். பார்வையாளர்கள் முகமூடி அணிந்து திரிந்தார்கள். அவர்களில் சிலர் தங்களைத் தகாத முறையில் தொட்டதாக அங்கே பணியாற்றியவர்கள் 2018இல் பத்திரிகையிடம் கூறினர். முகம் மறைந்தால் கை துணிகிறது.

வாசலிலேயே விதிகளை உரக்கச் சொல்வதற்குக் காசு வேண்டாம். நடிகை ஒரு சொல் சொன்னால் விளக்கு எரிந்து நாடகம் நிற்கும் என்று முடிவு செய்வதற்கும் வேண்டாம். வேண்டாத பார்வையாளராகச் சக நடிகர்களையே நிறுத்தி ஒத்திகை பார்க்கலாம். ஒவ்வோர் அறையிலும் கவனித்து நிற்க ஒருவர் வேண்டும். அவருக்குக் கூலி தரவேண்டும். பட்ஜெட்டில் முதலில் வெட்டப்படுவது இந்தக் கூலிதான்.

பார்வையாளரைச் சந்தேகித்தால் கலையின் மாயம் கலைந்துவிடும் என்பார்கள். பின்னால் யார் நிற்கிறார் என்று யோசித்துக்கொண்டே நடிப்பவளிடம் எந்த மாயம் மிஞ்சும்? பார்க்க வந்த பெண்ணுக்கும் இதே நியாயம் உண்டு. அவளைக் கையைப் பிடித்து இழுத்துக் கதைக்குள் சேர்ப்பது பங்கேற்பு ஆகாது.

காவலுக்கு இரண்டு பேருக்குத்தான் கூலி தர முடியுமென்றால், ஐந்து அறை நாடகத்தை இரண்டு அறையில் போடுங்கள்.