பாம்பு வளர்ப்பது பாவமா?



சென்ற கிறிஸ்மஸ் விடுமுறையில் ஒருநாள் காலைப் பூசை முடிந்து கோவிலை விட்டு இறங்கும்போது, நம் பங்கைச் சேர்ந்த அம்மாள் ஒருவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படியருகே காத்து நின்றார். "சாமி, பாம்பு வளக்கறது பாவமுங்களா?" என்று கேட்டார். இத்தனை வருடக் குருத்துவ வாழ்வில் இப்படியொரு கேள்வி என்னிடம் வந்ததில்லை.

விஷயம் இதுதான். அவருடைய மகன் பெங்களூரில் வேலை செய்கிறான். மாதம் தவறாமல் வீட்டுக்குப் பணம் அனுப்புகிற நல்ல பிள்ளை. அங்கே ஒருவரிடம் மலைப்பாம்புக் குட்டி ஒன்றை விலைக்கு வாங்கி, ஒன்றரை வருடமாகத் தன் அறையில் வளர்த்திருக்கிறான். விடுமுறைக்கு வரும்போது அதைத் தனியே விட மனமின்றி, பெட்டியில் வைத்து பஸ்ஸில் ஜமுனாமரத்தூருக்கே கொண்டுவந்துவிட்டான். நம் மலையின் மார்கழிக் குளிரை நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் நாள் அந்தப் பிராணி வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. வாயோரத்தில் நுரை கட்டியது. பாட்டி வீட்டுக்குள் வர மறுத்தார். தாய்மாமன், "காட்டுப் பாம்புதானே, ராத்திரி காட்டுல விட்டுட்டு வாடா" என்றார். பையனோ அழுதுகொண்டிருந்தான். அக்குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான், பெயர் சொல்லாமல், இதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை நீக்குவோம். ஆதியில் பசாசு சர்ப்பத்தின் உருவில் வந்தான் என்பதால் பாம்பினமே சபிக்கப்பட்டது, அதைக் கண்ட இடத்தில் அடிப்பதே புண்ணியம் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். ஊர்வனவற்றையும் படைத்து அவை நல்லவை என்று கண்டவர் சர்வேசுரனே அல்லவா? வனாந்தரத்தில் மோயீசன் உயர்த்தியது வெண்கலச் சர்ப்பத்தைத்தானே? பாம்பு பாவம் செய்ய அறியாது. பாவம் செய்யக்கூடியவன் மனிதன் ஒருவனே. ஆகையால், "பாம்பு வளர்ப்பது பாவமா?" என்ற கேள்வியைப் பாம்பைப் பார்த்துக் கேட்காமல் நம்மைப் பார்த்தே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அன்று மாலை அவ்வீட்டுக்குப் போனேன். பையன் பெட்டியைத் திறந்தான். கறுப்பும் பொன்னிறமுமான சிறு பாம்பு. என்னைக் கண்டதும் தலையை உள்ளே வைத்துப் பந்துபோல் சுருண்டுகொண்டது. இதனாலேயே ஆங்கிலத்தில் இதை 'பால் பைத்தான்' என்கிறார்கள். நாம் பந்து மலைப்பாம்பு எனலாம். விஷமில்லாதது, வளர்ந்தாலும் பெரும்பாலும் நாலைந்து அடியைத் தாண்டாது. இது நம் நாட்டுப் பிராணியே அன்று. மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் புல்வெளிப் பொந்துகளில் வாழ்வது.

இது எப்படி இங்கு வந்தது? இதுவே முதற்கேள்வி. கானா, தோகோ, பெனின் ஆகிய நாடுகளில் ஏழைக் குடியானவர்கள் பொந்துகளைத் தோண்டி, முட்டைகளையும் முட்டையிடும் நிலையிலுள்ள பெண்பாம்புகளையும் எடுத்து வியாபாரிகளுக்குக் கொடுக்கிறார்கள். பொரிக்கும் குஞ்சுகள் அயல்நாடுகளுக்குக் கப்பலேறுகின்றன. 1975 முதல் இவ்வாறு ஏற்றுமதியானவை 30 இலட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். கூடுகளில் பிறந்து விற்கப்படுபவையும் உண்டு. ஆனால் வாங்குகிறவன் கேட்காவிட்டால் எது எங்கே பிறந்தது என்பதை யார் சொல்லுவார்? நம் நாட்டுக்குள் இவை வந்த விதத்துக்கு ஓர் உதாரணம்: 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்து, யாரும் உரிமை கோராத இரண்டு பைகளில், 45 பந்து மலைப்பாம்புகளும், 8 சோளப் பாம்புகளும், 3 மார்மோசெட் குரங்குகளும், 3 நட்சத்திர ஆமைகளும் இருந்தன. சுங்க அதிகாரிகள் அவற்றைத் திருப்பி அனுப்பினார்கள். துணிமூட்டைபோல் உயிர்களை அடைத்தவன் குற்றவாளி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வாங்க ஆளில்லாவிட்டால் அவன் அடைத்திருப்பானா?

நம் மலைவாசிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நீங்கள் சுமந்து இறக்கும் சாமைக்கும் தேனுக்கும் பலாவுக்கும் கீழே கடையில் என்ன விலை, உங்கள் கையில் என்ன விலை என்பதை அறிவீர்கள். தோகோ நாட்டுக் குடியானவனும் உங்களைப்போல் ஒருவனே. பொந்தைத் தோண்டியவனுக்குச் சில்லறை. வண்ணப் பாம்பை விற்றவனுக்குப் பணமூட்டை. வண்ணத்துக்காகவே கலப்புச் செய்து பிறப்பிக்கும் வகைகளும் உண்டு. அவற்றில் 'ஸ்பைடர்' எனப்படும் வகைக்கு, அழகு தரும் அந்தப் பிறவிக் குணமே தலை நடுக்கத்தையும் தருகிறது. நம் கண்களின் இன்பத்துக்காக ஒரு பிராணியை நோயோடு பிறப்பிக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தார்?

இரண்டாவது கேள்வி, வைத்திருக்கும் விதம். இதற்கு வெப்பமான பக்கத்தில் 31, 32 டிகிரியும், குளிர்ந்த பக்கத்தில் 25, 26 டிகிரியும் வேண்டும். ஒளிந்துகொள்ள இருட்டான இடம் வேண்டும். காற்றில் ஈரம் வேண்டும். ஈரம் குறைந்தால் சட்டை சரியாக உரியாது. குளிர் தாக்கினால் நுரையீரலில் சளி கட்டும். குட்டிக்கு வாரம் ஒருமுறையும், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறையும் எலி போதும். எலி பாம்பின் உடலில் தடித்த பாகத்தைவிடப் பருமனாக இருக்கலாகாது. சில மாதங்கள் தானாகவே உண்ணாமலும் இருக்கும். அப்போது பொறுமை வேண்டும். இருபது முப்பது வருடம் வாழக்கூடியது. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இவ்வினங்களின் உடலில் சால்மொனெல்லா என்னும் கிருமி இருப்பதுண்டு, சிறு குழந்தைகளுக்கு அது ஆபத்து.

எலி என்றதும் அவ்வம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பையன் தலைகுனிந்து ஒன்றை ஒப்புக்கொண்டான். ஆரம்பத்தில் உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விட்டு, அது நடுங்கி ஓடுவதைப் படம் பிடித்துச் சிநேகிதர்களுக்குக் காட்டியிருக்கிறான். ஒருநாள் எலி திருப்பிக் கடித்துப் பாம்பின் முதுகில் புண்ணாயிற்று. அதன்பின் அனுபவசாலி ஒருவர் சொல்லி, வதையின்றிக் கொன்று உறையவைத்த எலியை வாங்கி, வெந்நீரில் இளஞ்சூடாக்கிக் கொடுக்கிறானாம். இதுவே சரியான முறை. பாம்பு எலியைத் தின்பது சர்வேசுரன் வைத்த ஒழுங்கு, அதில் குற்றமில்லை. அந்த மரணத்தை வேடிக்கையாக்கியதுதான் குற்றம். பிராணிகளிடம் கொடுமை பழகியவன் மனிதரிடமும் கொடுமை பழகுவான் என்று அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் அன்றே கற்பித்தார். தேவையின்றிப் பிராணிகளை வதைப்பதும் கொல்வதும் மனித மேன்மைக்கே விரோதம் என்று 1992-ல் வெளியான திருச்சபையின் ஞானோபதேச நூல் போதிக்கிறது. ஒவ்வொரு சிருஷ்டிக்கும் நமக்குப் பயன்படுவதைத் தவிர சர்வேசுரன் முன்னிலையில் தனக்கே உரிய மதிப்பு உண்டென்று பிரான்சிஸ் பாப்பரசர் 2015-ல் தமது நிருபத்தில் நினைவூட்டினார். அந்த மதிப்பு எலிக்கும் உண்டு.

மூன்றாவது கேள்வியே கடினமானது: இனி என்ன செய்வது? மாமனின் யோசனை எளிதானது, ஆனால் தவறானது. நம் காட்டுக் குளிரில் அது மெள்ள மெள்ளச் சாகும். சாகுமுன் தன் நோயை நம் காட்டுப் பாம்புகளுக்குக் கொடுத்துவிடவும் கூடும். இவ்வினத்துக்கு நுரையீரல் நோய் தரும் நிடோவைரசு என்னும் கிருமி உண்டென்று 2014-லேயே கண்டறிந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் புளோரிடாவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே ஆசைக்கு வாங்கிய பர்மிய மலைப்பாம்புகள் தப்பியும், வளர்க்க முடியாமல் விடப்பட்டும், சதுப்புக் காடுகளில் பெருகிவிட்டன. அவை பல காலமாக இருந்துவரும் பகுதிகளில் ராக்கூன் என்னும் பிராணி கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்துவிட்டதென 2012-ல் ஓர் ஆராய்ச்சி காட்டியது. அவற்றைப் பிடிக்க 2017-ல் யாரை அழைத்தார்கள் தெரியுமா? நம் செங்கற்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரை! இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அவற்றில் ஒன்று 16 அடி நீளம். 2023-ல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளித்தது. அவர்களுடைய இனத்தார் 1978 முதல் தங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் விஷப்பாம்புகளைப் பிடித்து, மருந்துக்காக விஷம் எடுத்து, சில வாரங்களில் மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். நாகரிகம் படைத்தவர்கள் ஆசைக்கு வாங்கிக் கைவிட்டதை, பாம்பைக் கடனாக எடுத்துத் திருப்பிக் கொடுக்கத் தெரிந்த ஏழைகள் போய்த் தேட வேண்டியதாயிற்று.

பிரியமானவர்களே, நாம் கவனிக்கவேண்டியது இங்கேதான். ஒரு பிராணியை விலை கொடுத்து வாங்குகிறவன், அது தன் உடைமை ஆயிற்று என்று நினைக்கிறான். உண்மையில் அவன் கடன்பட்டிருக்கிறான். அதைப் பெற்ற காட்டுக்கும், அதைத் தோண்டி எடுத்த ஏழைக்கும், படைத்தவருக்கும், அந்தப் பிராணிக்கும் கடன். விலையோடு அக்கடன் தீராது, அன்றுதான் ஆரம்பமாகிறது. அதைச் சுமக்க மனமில்லாதவன் வாங்கலாகாது. வாங்கியபின் சுமக்க மறுப்பதோ அதைவிடப் பெரிய குற்றம்.

இதைக் கேட்டு, "நாங்கள் யாரும் பாம்பு வாங்கவில்லையே" என்று மற்றவர்கள் நிம்மதி கொள்ள வேண்டாம். ஆட்டுக்குட்டியை விழுங்கியதென்று நம் காட்டு மலைப்பாம்பைக் கம்பால் அடித்துக் கொல்லுகிறோமே, அது என்ன? நஷ்டப்பட்டவனின் வேதனை எனக்குத் தெரியும். ஆனால் அந்த மலைப்பாம்பு சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டுச் சிறை. சட்டம் கிடக்கட்டும். ஆசையால் வாங்கியவனும் பயத்தால் அடித்தவனும் பாம்பைப் பார்க்கவே இல்லை. ஒருவன் தன் ஆசையைப் பார்த்தான். மற்றவன் தன் பயத்தைப் பார்த்தான். கண்டால் வனத்துறையினருக்குச் சொல்லுங்கள். ஆடுகளை இரவில் அடைத்து வையுங்கள்.

அந்தப் பையன் கதையை முடித்துவிடுகிறேன். மறுநாளே வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, பெங்களூருக்குக் கொண்டுபோய், இவ்வினப் பிராணிகளுக்கு வைத்தியம் தெரிந்த டாக்டரிடம் காட்டினான். சில வாரங்களில் அது தேறி இரை எடுத்தது. ஆனால் வேறொரு பாரம் மிஞ்சியிருந்தது. அவனிடம் எந்தப் பத்திரமும் இல்லை. இவ்வினம் சைட்டீஸ் என்னும் சர்வதேச உடன்படிக்கையில் இரண்டாம் பட்டியலைச் சேர்ந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அமலிலுள்ள திருத்தச் சட்டத்தின்படியும், 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படியும், இத்தகைய பிராணியை வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்தாக வேண்டும். "சாமி, போய்ச் சொன்னா அத எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்களே" என்றான். "போகலாம், தம்பி. ஆனா ஒளிச்சு வச்சிருக்கிற வரைக்கும் அதுக்கு நோய் வந்தா டாக்டர்கிட்டேயும் உன்னால உண்மையச் சொல்ல முடியாது. அதுக்கு நல்லது வேணுமா, அது உனக்கு வேணுமா?" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை.

சென்ற மாதம் அவனாகவே அதிகாரிகளிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டதாகப் போனில் தெரிவித்தான். முடிவு இன்னும் வரவில்லை. அபராதம் வரலாம், பாம்பைப் பிரியவும் நேரலாம். அவனுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். அவன் தாயிடம், "பாம்புக்காரன் அம்மா" என்று யாரும் கேலி பேச வேண்டாம். அடுத்தமுறை ஒரு கிளியையோ, ஆமையையோ, நாய்க்குட்டியையோ உங்கள் பிள்ளை விரும்பிக் கேட்டால், விலையை விசாரிப்பதற்கு முன் அது எங்கிருந்து வந்தது என்று விசாரியுங்கள்.

உங்கள் பங்குச் சுவாமி