விட்டுக்கொடுப்பது எதுவரை?

பெங்களூரு மாநகரில் சில நாட்கள் தங்குபவர் யாராயினும் ஒரு சொற்றொடரைக் கேளாமல் திரும்புவதில்லை. ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ என்பதே அது. மூவர் அமரும் பேருந்து இருக்கையின் அருகே நான்காமவர் ஒருவர் வந்து நின்று, புன்னகையுடன் இவ்வாறு கூறுகிறார். அமர்ந்திருப்பவர்கள் சற்றே நகர்ந்து இடம் தருகின்றனர். ‘மாடி’ என்றால் கன்னடத்தில் ‘செய்யுங்கள்’ என்று பொருள். ‘கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்’ என்பதே அந்த வேண்டுகோள். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது எனப் பல மொழிகள் பேசும் மக்கள் கூடி வாழும் அந்நகரில், நடுவே ஓர் ஆங்கிலச் சொல்லைத் தாங்கிய இந்தத் தொடர் ஊரின் இயல்பையே உணர்த்தும் அடையாளமாகிவிட்டது.

ஆனால் இந்த ‘அட்ஜஸ்ட்’ பேருந்து இருக்கையோடு நின்றுவிடுவதில்லை. கடிகார முள்ளைத் திருத்துவதும் அட்ஜஸ்ட். புதிய ஊரின் உணவுக்கும் குளிருக்கும் உடலைப் பழக்குவதும் அட்ஜஸ்ட். முன்பணத்தை அடுத்த மாதச் சம்பளத்தில் கழித்துக்கொள்வதை அலுவலகக் கணக்கர் அதே சொல்லால் குறிக்கிறார். ஆவணத்தில் உள்ள குறையைக் கண்டும் காணாமல் விடுவதற்குக் கைநீட்டுபவரும் அதையே சொல்கிறார். புகுந்த வீட்டில் துன்புறுத்தப்பட்டுக் கண்ணீரோடு திரும்பிவந்த மகளிடம், ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்துகொள், அம்மா’ என்று பெற்றோர் கூறுவதும் இதே சொல்லைத்தான்.

ஒரு திறமைக்கும், ஒரு பண்புக்கும், ஒரு பாவத்துக்கும், ஒரு கொடுமைக்கும் ஒரே பெயர் அமைவது எவ்வாறு? இவற்றைப் பிரித்தறியும் அளவுகோல் எது? சாதகனுக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அன்றாட வாழ்வில் பலமுறை அவன் முன் வந்து நிற்கும் தர்மசங்கடம் இது.

சொல்லின் இரு வேர்கள்

இச்சொல்லின் வரலாறே ஒரு குறிப்பைத் தருகிறது. ‘அருகே கொணர்தல்’ என்னும் பொருளுடைய பிற்கால லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக இது ஆங்கிலத்தை அடைந்தது. வழியில் ‘நேர்மை, நியாயம்’ என்று பொருள்படும் வேறொரு லத்தீன் சொல்லின் தொடர்பு இதனோடு கலந்து, இன்றைய வடிவத்தைத் தந்தது. ஆகவே இச்சொல்லுக்குள் இரு கருத்துகள் உறைகின்றன: ஒன்று, நெருங்கி வருதல், மற்றொன்று, நேராக்குதல்.

தமிழிலும் இத்தகைய இரட்டைப் பொருள் உண்டு. பிறர் மனம் நோகாமல் இணங்கிப் போவதை ‘அனுசரித்தல்’ என்கிறோம். விரதத்தை வழுவாமல் கடைப்பிடிப்பதையும் ‘அனுசரித்தல்’ என்றே கூறுகிறோம். ஒன்றில் மனிதன் வளைகிறான். மற்றொன்றில் அவன் வளைய மறுக்கிறான். திருவள்ளுவரும் ‘கண்ணோட்டம்’ என்னும் அதிகாரத்தில் பிறர்பால் நெகிழும் உள்ளத்தைப் போற்றினார். ‘நடுவு நிலைமை’ என்னும் அதிகாரத்தில் எப்பக்கமும் சாயாத தராசினை உவமையாக வைத்தார். நெகிழ்வும் உறுதியும் ஒரே அறத்தின் இரு பக்கங்கள் என்பது அவர் உள்ளக்கிடக்கை.

இரண்டும் இணைந்து நிற்பதை வீணையில் காணலாம். சுருதி சேர்ப்பவர் ஒவ்வொரு தந்தியையும் தேவைக்கேற்ப முறுக்குகிறார், தளர்த்துகிறார். தந்திகள் யாவும் இணங்குகின்றன. ஆயினும் அவை இணங்குவது ஆதார சுருதிக்கு. ஆதார சுருதியையே தந்திகளுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே போனால் அங்கே இசை பிறப்பதில்லை.

தருமபுத்திரரின் இரு செயல்கள்

மகாபாரதத்தில் யுதிஷ்டிரர் இருமுறை இறங்கி வருகிறார். நாட்டின் பாதிக்கு உரிமை உடைய அவர், போரைத் தவிர்ப்பதற்காக ஐந்து கிராமங்கள் கிடைத்தாலும் போதும் என்றார். உலகம் இன்றும் இதைப் பெருந்தன்மை என்றே போற்றுகிறது. ஏனெனில் அவர் விட்டுக்கொடுக்க முன்வந்தது தமது பங்கை. அப்போதும் திரௌபதி அவிழ்ந்த கூந்தலைக் கையில் ஏந்தி, சபையில் தனக்கு நேர்ந்த அநீதியைக் கண்ணனுக்கு நினைவூட்டினாள். கணவர்கள் தங்கள் நிலத்தைத் துறக்கலாம்; அவளுக்கு இழைக்கப்பட்ட அநீதியை அவள் சார்பில் மறந்துவிடும் உரிமை அவர்களுக்கு இல்லை. கண்ணனும் அவளை ‘பொறுத்துக்கொள்’ என்று கூறவில்லை. அவளது கண்ணீருக்கு விடை கிடைக்கும் என்று உறுதியளித்தான்.

இரண்டாவது முறை போர்க்களத்தில் நிகழ்ந்தது. ‘என் மகன் இறந்தது உண்மையா?’ என்று துரோணர் கேட்டபோது, அசுவத்தாமன் இறந்தான் என்பதை உரக்கவும், இறந்தது யானை என்பதைத் தெளிவின்றி மெல்லவும் யுதிஷ்டிரர் கூறினார். மாற்றப்பட்டது ஒரு சொல்லின் ஒலியளவு மட்டுமே. ஆனால் அதுவரை நிலத்துக்கு நான்கு விரற்கடை மேலே நின்ற அவரது தேர் அக்கணமே மண்ணைத் தொட்டது என்று இதிகாசம் கூறுகிறது.

‘கண்ணனே அல்லவா அவ்வாறு சொல்லத் தூண்டினான்? போரின் நெருக்கடி அத்தகையதன்றோ?’ என்று கேட்கலாம். நெருக்கடி உண்மையே. ஆயினும் இறுதியில் யுதிஷ்டிரர் நரகத்தைக் கண்டே சுவர்க்கம் புக நேர்ந்தது. துரோணரிடம் செய்த வஞ்சனையே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. நெருக்கடி ஒரு செயலை விளக்கலாம். அதன் விலையை அது தள்ளுபடி செய்வதில்லை. மேலும், துரோணர் அவரைத் தேடிக் கேட்டது, அவர் பொய் கூறார் என்ற நம்பிக்கையினால். அந்த நம்பிக்கை துரோணருடையது. யுதிஷ்டிரர் அன்று விட்டுக்கொடுத்தது தமக்கு உரிமையில்லாத ஒன்றை.

இங்கேதான் நாம் தேடும் அளவுகோல் கிடைக்கிறது. தன் இடம், தன் வசதி, தன் பங்கு, தன் அகந்தை ஆகியவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம், அது தியாகம். சத்தியத்தையும், பிறர் நம்பிக்கையையும், பிறர் உரிமையையும் விட்டுக்கொடுக்க எவருக்கும் அதிகாரம் இல்லை.

கேட்கப்படாதவர்களின் பங்கு

பெங்களூருவே இதற்குச் சான்று தருகிறது. முன்னோர் வெட்டிய ஏரிகளால் வளர்ந்த ஊர் அது. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று கெம்பேகவுடா பேருந்து நிலையம் இருக்கிறது. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் எழுந்துள்ளது. எஞ்சிய ஏரிகளை இணைத்த ‘ராஜகாலுவே’ என்னும் மழைநீர்க் கால்வாய்கள் பல இடங்களில் சிறிது சிறிதாகச் சுருக்கப்பட்டன. ஒவ்வொருவருக்கும் அது ‘ஸ்வல்ப’மாகவே தோன்றியிருக்கும். 2022 செப்டம்பர் மாதப் பெருமழையில் நகரின் கிழக்குப் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியபோது, வழி இழந்த நீர் தன் பழைய வழியைத் தேடி வீடுகளுக்குள் புகுந்தது. நீரிடமும் வருங்காலச் சந்ததியிடமும் எவரும் ‘அட்ஜஸ்ட் மாடி’ என்று கேட்கவில்லை. கேளாமலே அவர்களது பங்கை எடுத்துக்கொண்டனர்.

அன்னை காட்டிய வழி

அன்னை ஸ்ரீசாரதாதேவியார் 1911-ஆம் ஆண்டு தென்னாட்டு யாத்திரையின்போது பெங்களூரு வந்து, பசவனகுடியில் உள்ள ஆசிரமத்தில் தங்கினார். ஆசிரமத்தின் பின்புறம் அவர் அமர்ந்த பாறை இன்றும் புனிதமாகப் பாதுகாக்கப்படுகிறது. தரிசிக்க வந்த மக்களின் மொழி அன்னைக்குத் தெரியாது. அன்னையின் மொழி அவர்களுக்குத் தெரியாது. ஆயினும் அவரது மௌனமான சந்நிதியே அவர்களுக்கு நிறைவளித்தது. ‘அருகே கொணர்தல்’ என்னும் அந்தப் பழைய பொருள் அங்கே சொற்களின் துணையின்றி நிறைவேறியது.

அனுசரித்து வாழ்வதில் அன்னைக்கு நிகர் அரிது. தட்சிணேசுவரத்தில் நகபத்தின் கீழ்த்தளத்தில் இருந்த சின்னஞ்சிறு அறையே அவரது இல்லம். தாழ்ந்த வாயிலில் தலை இடிபட்டு இடிபட்டே குனிந்து நுழையப் பழகினார். சமையல், உறக்கம், ஜபம், பொருள்களைச் சேமித்தல் எல்லாம் அங்கேயே. அதைக் குறித்து அவர் முறையிடவில்லை.

அதே அன்னை ஒருநாள் ஸ்ரீராமகிருஷ்ணரிடமே வளைய மறுத்தார். தவறான வாழ்வு வாழ்ந்தவளாகக் கருதப்பட்ட ஒரு பெண், குருதேவரின் உணவுத் தட்டைத் தான் எடுத்துச் செல்வதாகக் கேட்க, அன்னை கொடுத்துவிட்டார். இனி எவரிடமும் அவ்வாறு கொடுப்பதில்லை என்று வாக்களிக்குமாறு குருதேவர் கூறியபோது, அன்னை கைகூப்பினார். உணவைத் தாமே கொண்டுவர முயல்வதாகவும், ஆனால் ‘அம்மா’ என்றழைத்து ஒருவர் கேட்டால் மறுக்க இயலாது என்றும் பணிவுடன் தெரிவித்தார். குருதேவரும் அதை ஏற்று மகிழ்ந்தார். தன் வசதி அனைத்தையும் விட்டுக்கொடுத்த அன்னை, பிள்ளைகளுக்கு உரிய தாய்மையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த மறுப்பிலும் குரல் உயரவில்லை.

ஆகவே, ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்துகொள்ளுங்கள்’ என்று யாரேனும் கேட்கும்போது, ‘இங்கே விட்டுக்கொடுக்கப்படுவது யாருடையது?’ என்று உள்ளத்தைக் கேட்போமாக. நம்முடையது எனில், மலர்ந்த முகத்தோடு நகர்ந்து இடம் தருவோம். பிறருடையது எனில், கைகூப்பிப் பணிவுடன் மறுப்போம். நாமே பிறரிடம் அவ்வாறு கேட்க நேர்ந்தால், முதலில் நாம் சற்று நகர்ந்திருக்கிறோமா என்று பார்ப்போம். கண்ணீரோடு வந்து நிற்கும் மகளிடம் சொல்ல வேண்டிய முதல் சொல் ‘அட்ஜஸ்ட்’ அன்று. ‘உள்ளே வா, அம்மா’ என்பதே.