ஒரு விரல் பட்டால் என்ன?

கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிய தீங்கும் தீங்குதானா? முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் நின்று, "ஆம்" என்று பிள்ளைகளுக்குத் தயங்காமல் விடை கூறியவள் நான். எழுபத்து மூன்றாம் வயதில், அயல்நாட்டுப் பாறைப் பிளவு ஒன்றில் அக்கேள்வி மீண்டும் என் முன்னே வந்து நின்றது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரில் என் மகள் குடும்பத்தோடு வாழ்கிறாள். சென்ற ஆண்டு அங்குப் போயிருந்தபோது, காரில் ஏறத்தாழ நான்கரை மணி நேரம் பயணம் செய்து பேஜ் என்னும் சிற்றூருக்கு என்னை அழைத்துச் சென்றனர். அதன் அருகே, நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தில், ஆன்டிலோப் கேன்யன் என்னும் குறுகிய பாறைப் பிளவு உள்ளது. வழிகாட்டி உடன் வராமல் எவரும் அதனுள் செல்ல இயலாது. மேற்பகுதி, கீழ்ப்பகுதி என்ற இரண்டனுள், தரைமட்டத்திலேயே நுழையக்கூடிய மேற்பகுதியை என் முழங்கால் வலியை எண்ணித் தேர்ந்தெடுத்தனர்.

வெளியே சுட்டெரிக்கும் மணல்வெளி. உள்ளே கோயில் பிராகாரத்தின் குளிர்ச்சி. இருபுறமும் சுமார் 120 அடி உயரச் சுவர்கள். மேலிருந்து இறங்கும் ஒளியில் அவை காவி, செம்மை, ஊதா என நிறம் மாறுகின்றன. மடிப்பு மடிப்பாய் விரித்த பட்டுப் புடவை அப்படியே கல்லாயிற்றோ என்று தோன்றியது.

சுவரைத் தேய்க்கவோ கீறவோ வேண்டா என்று வழிகாட்டி முன்னரே கூறியிருந்தார். கேட்டுத் தலையசைத்தவள்தான் நான். ஆயினும் ஒரு வளைவில் என் கை நீண்டு சுவரைத் தடவியது. விரல் நுனியில் செம்மணல் துகள்கள் சில ஒட்டின. பேத்தி மெல்லிய குரலில், "பாட்டி, தொட வேண்டாம் என்று அவர் சொன்னாரே!" என்றாள். "ஒரு விரல் பட்டால் என்னம்மா ஆகிவிடும்?" என்றேன். சொன்னவுடனே, இதே சொல்லை முன்பொரு முறை கேட்டது நினைவுக்கு வந்தது.

பல ஆண்டுகளுக்கு முன் மாணவர்களைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். திருச்சி கே.கே. நகரில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பிவிடக் கூடிய தொலைவுதான். நம் முனிவர்கள் தவமிருந்த ஏழடிப்பட்டம் குகையில் 17 கற்படுக்கைகள் உள்ளன. ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. அங்குச் செல்லும் குறுகிய பாறை வழியில் ஒரு மாணவன் காம்பஸ் முனையால் தன் பெயரின் முதலெழுத்தைக் கீறத் தொடங்கினான். தடுத்தேன். "ஓர் எழுத்துத்தானே டீச்சர்!" என்றான். அனைவர் முன்னிலையிலும் கடிந்துகொண்டு அவனைப் பேருந்திலேயே உட்கார வைத்துவிட்டேன். அவன் சொன்னதும் நான் சொன்னதும் ஒன்றே. அவன் சிறுவன், நானோ மூதாட்டி.

விடை அப்பாறையின் வரலாற்றிலேயே உள்ளது. ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்று குவித்த மணற்குன்றுகள் இறுகிப் பாறையாயின. பின்னர் மழைவெள்ளம் பாயும்போதெல்லாம், நீரோடு வந்த மணல் உராய்ந்து அதனை அறுத்தது. ஒரு பருக்கை மணல் எவ்வளவு தேய்த்தது என்று எவராலும் காட்ட இயலாது. ஆயினும் அச்சிறு தேய்மானங்கள் சேர்ந்தே அவ்வளவு ஆழம் உண்டாயிற்று. வருவோர் அனைவரும் "ஒரு விரல்தானே" என்று எண்ணினால் என்னாகும்? வினை ஊற்று என்று நம் ஆன்றோர் கூறுவதும் இதுவேயன்றோ?

தொலைவும் இவ்வாறே கண்ணை ஏமாற்றும். 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ்ப்பகுதியில் திடீர் வெள்ளம் புகுந்து 11 பேர் மாண்டனர். அவ்விடத்தில் பெய்தது சிறு மழையே. சில மைல்களுக்கு அப்பால் கொட்டிய பெருமழை ஓடைவழியே வந்து சேர்ந்தது. நம் கண்முன் கேடு தோன்றாமை, கேடே இல்லை என்பதற்குச் சான்றாகாது.

"நடந்தாலும் மணல் கலைகிறதே, நடக்கவும் கூடாதா?" என்று சிலர் வினவலாம். நியாயமான வினா. ஒரு தீங்கும் செய்யாமல் இல்லறத்தார் ஒரு நாளும் கழிக்க இயலாது. அதனாலன்றோ நமக்கு அணுவிரதங்கள் வகுக்கப்பட்டன? தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்குமிடத்து, உயிர்க்கேட்டை மட்டும் கூறாது, அதற்குக் காரணமான கவனமின்மையையும் சேர்த்தே கூறுகிறது. நான் அங்குச் சென்றது இன்பத்திற்காகத்தான், மறுக்கவில்லை. ஆனால் என் நடை, அந்நிலத்துக்கு உரியவர்கள் இசைந்த எல்லைக்குள் நின்றது. என் விரல் அவ்வெல்லையைக் கடந்தது. அளவில் சிறியது எனினும் அது கவனமின்மையின் செயல்.

வெளியே வந்ததும், "நீ சொன்னதே சரி" என்று பேத்தியிடம் ஒப்புக்கொண்டேன். மனம் மட்டும் அந்த மாணவனிடமே நின்றது. அவனைத் தண்டித்தேனே தவிர, ஏன் கூடாது என்று விளக்கினேன் அல்லேன். அச்சத்தால் விட்ட தவறு, கண்காணிப்பு இல்லாத இடத்தில் திரும்ப வரும். காரணம் அறிந்து விட்ட தவறே விட்டதாகும். எனக்கே அது நேர்ந்ததே!

நம் குடும்பத்தினர் சித்தன்னவாசலுக்கும் கழுகுமலைக்கும் திருமலைக்கும் பிள்ளைகளோடு செல்கிறோம். "தொடாதே" என்று சொல்வதோடு நில்லாமல், அதன் காரணத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்வோம். அம்மாணவன் இன்று நடுவயதைக் கடந்திருப்பான். இவ்விதழ் அவன் கைக்கு எட்டுமாயின், தண்டனையை மட்டும் தந்து பாடத்தைத் தராமல் விட்ட ஆசிரியையை அவன் பொறுத்தருள வேண்டும்.