பனிக்காலத்தில் ஒரு பிரார்த்தனை

நம்பிக்கை என்ற சொல்லை நாம் இருவேறு பொருளில் வழங்கி வருகிறோம். விரும்பியது கிட்டும் என்ற எதிர்பார்ப்பையும் அச்சொல்லால் குறிக்கிறோம். கிட்டாத நிலையிலும் மனம் தளராதிருப்பதையும் அதே சொல்லால் குறிக்கிறோம். வாழ்வு சீராக ஓடும்போது இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு புலப்படுவதில்லை.

2008-ஆம் ஆண்டின் குளிர்காலம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மக்களுக்கு அந்த வேறுபாட்டைக் கண்முன் நிறுத்தியது. மோட்டார் தொழிலையே நம்பி வளர்ந்த டெட்ராய்ட் நகரம் அங்குதான் உள்ளது. பெட்ரோல் விலை உயர்வாலும், அதைத் தொடர்ந்து வந்த கடன் நெருக்கடியாலும் கார் வாங்குவோர் குறைந்தனர். 2007-இல் அந்நாட்டில் ஏறத்தாழ 1 கோடியே 61 லட்சம் வாகனங்கள் விற்றன. 2009-இல் விற்றவை 1 கோடியே 4 லட்சமே. அவ்வாண்டு மிச்சிகனில் வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டியது.

2008 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. டெட்ராய்ட் நகரின் கிரேட்டர் கிரேஸ் டெம்பிள் என்ற தேவாலயத்தில், பீடத்தின் அருகே மூன்று கார்களை நிறுத்தி வழிபாடு நடத்தினார்கள். மோட்டார் தொழிலாளர்களை முன்னே அழைத்து, எண்ணெய் பூசி ஆசி வழங்கினார்கள். செய்தியைக் கேட்டுப் புன்னகைத்தவர்கள் உண்டு. ஆயுத பூஜையன்று வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இடும் நமக்கு அதில் நகைக்க எதுவுமில்லை. உழைத்து உண்ணும் கருவியை இறைவன் திருமுன் வைப்பது எந்த நாட்டிலும் இயல்பே.

அப்பிரார்த்தனை பலித்ததா? டிசம்பர் 11 அன்று, உதவிக்கான மசோதா செனட் சபையில் தோற்றது. 19-ஆம் தேதி அதிபர் புஷ் 1,740 கோடி டாலர் கடனுதவி அறிவித்தார். ஆயினும் 2009 ஏப்ரல் 30 அன்று கிரைஸ்லரும், ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸும் திவால் மனு அளித்தன. பின்னர் இரண்டும் மீண்டன. 2010 நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் பங்குச் சந்தைக்கே திரும்பியது. இத்துடன் நிறுத்திக்கொண்டால் 'நம்பினோர் கெடுவதில்லை' என்று எளிதாகச் சொல்லிவிடலாம்.

ஆனால் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜேன்ஸ்வில் என்றோர் ஊர் இருக்கிறது. அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1919-இல் தொடங்கியது. 2008 டிசம்பர் 23 அன்று, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னதாக, அதன் கடைசிக் கார் வெளிவந்தது. நிறுவனம் மீண்டது, அந்த ஆலை மீளவில்லை. அவ்வூர் மக்களும் பிரார்த்தித்திருப்பார்கள். அவர்களுடைய நம்பிக்கையில் குறை இருந்தது என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

குளிரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மிச்சிகன் செர்ரிப் பழத்துக்குப் பெயர் பெற்ற மாநிலம். போதிய அளவு குளிரை அனுபவிக்காத செர்ரி மரம் வசந்தத்தில் சரிவரப் பூப்பதில்லை. பிரசங்கம் செய்வோருக்கு இது மிகவும் வசதியான உவமை. ஆனால் மரத்துக்கு வீட்டுக் கடன் தவணை இல்லை. பிள்ளைகளின் மருத்துவச் செலவும் இல்லை. வேலையிழந்தவனிடம் போய், 'இந்தக் குளிர் உனக்கு நன்மையே' என்று வெதுவெதுப்பான அறையில் இருப்பவர் உபதேசிப்பது அறமாகாது. அவ்வுண்மையைக் குளிரில் நின்றவன் தானே கண்டு சொன்னால் கேட்கலாம்.

ஜேன்ஸ்வில் தொழிலாளர்களில் பலர் நடுத்தர வயதில் மீண்டும் தொழிற்கல்லூரி மாணவர்களானார்கள். அவர்களில் பலருக்குப் பழைய ஊதியம் கிட்டவில்லை. வேறு சிலர் இந்தியானா மாநிலத்தில், ஃபோர்ட் வேய்ன் நகருக்கு அருகிலுள்ள ஆலையில் வேலை ஏற்றார்கள். நான்கு மணி நேரத்துக்கும் மேற்பட்ட கார்ப் பயணம் அது. பிள்ளைகளின் பள்ளியையும் முதிய பெற்றோரையும் எண்ணிக் குடும்பத்தை ஊரிலேயே விட்டுச் சென்றவர்கள் பலர். ஆலை திறக்கும் என்ற எதிர்பார்ப்பு ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டே வந்தது. அவர்களோ வார நாட்களில் அங்கே தங்கி உழைத்தார்கள். வார இறுதியில் பனி படர்ந்த நெடுஞ்சாலை வழியே வீடு வந்து சேர்ந்தார்கள். விடுமுறை முடிந்ததும் மறுபடியும் புறப்பட்டார்கள்.