எட்டாத அரைக் கிலோமீட்டர்



சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து புறப்படும் பறக்கும் இரயிலில் நீங்கள் போயிருப்பீர்கள். 1995-ஆம் ஆண்டில் அது சேப்பாக்கம் வரையில் ஓடிற்று. 1997-இல் திருமயிலையையும், 2004-இல் திருவான்மியூரையும், 2007-இல் வேளச்சேரியையும் எட்டிற்று. பாதையின் நீளம் ஏறக்குறைய 19 கிலோமீட்டர். அதன் பெரும்பகுதி தூண்களின் மேலே கட்டப்பட்டது.

நெடுங்காலம் வேளச்சேரியே அதன் கடைசி நிலையமாயிருந்தது. அங்கே வண்டி வந்து நிற்கும், எல்லாரும் இறங்குவார்கள். ஓட்டுநர் தம் அறையை விட்டிறங்கி, மேடையோரமாய் நடந்து மறுகோடி அறையில் ஏறிக்கொள்வார். அதுவரை வால்புறமாயிருந்தது தலைப்புறமாகும். வண்டி வந்த வழியே திரும்பும். வண்டியிலும் குறையில்லை, ஓட்டுகிறவரிடத்திலும் குறையில்லை. அப்பால் செல்லப் பாதை திறக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் பாதை அங்கே முடிந்துவிட வேண்டுமென்று யாரும் நினைக்கவில்லை. இன்னும் 5 கிலோமீட்டர் நீட்டிப் பரங்கிமலை நிலையத்தோடு சேர்க்க வேண்டுமென்று 2008-இல் வேலை தொடங்கினார்கள். தூண்கள் எழும்பின, பாலம் வளர்ந்தது. கடைசியில் ஆதம்பாக்கத்தின் பக்கத்தில் ஏறக்குறைய 500 மீட்டர் நிலத்தின் காரியம் நீதிமன்றத்துக்குப் போயிற்று. வேலை நின்றது. ஒரு வருஷம் இரண்டு வருஷமல்ல, பத்து வருஷத்துக்கு மேல் நின்றது. நாலரைக் கிலோமீட்டர் கட்டி முடிந்தும், அதன்மேல் ஒரு வண்டியும் ஓடவில்லை.

நிலத்துக்குரியவர்களை நான் குறைகூற வரவில்லை. வீட்டையும் மனையையும் இழக்கிறவன் நியாயமான விலை கேட்பது பாவமன்று. அதைக் கொடுப்பது நீதி. நான் சொல்ல வந்தது வேறு. பத்தில் ஒன்பது பங்கு முடிந்தும், ஒரு பங்கு குறைந்தால் பாதை பாதையாகாது. நம் ஆத்துமத்தின் காரியமும் இப்படியே.

ஒரு மனிதனை எண்ணிப் பாருங்கள். ஞாயிறு தவறாமல் பூசை காண்கிறான். வீட்டில் மாலைதோறும் செபமாலை நடக்கிறது. கோவில் காரியத்துக்குக் கையை விரித்துக் கொடுக்கிறான். ஆனால் தகப்பன் விட்டுப்போன வீட்டின் நடுச்சுவரைப் பற்றித் தம்பியோடு வழக்கு. பேச்சு நின்று பல வருஷம் ஆகிறது. தம்பி மகளின் கலியாணத்துக்கும் போகவில்லை. “சுவாமி, மற்றெதை வேண்டுமானாலும் கேளுங்கள், இதை மாத்திரம் கேளாதேயுங்கள்” என்கிறான். அவனுடைய செபம் நாள்தோறும் அந்தச் சுவர் மட்டும் வந்து, நின்று, திரும்பிப் போகிறது. காணிக்கையைப் பீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு உறவாடும்படி ஆண்டவர் போதித்தது இவனுக்காகவே அல்லவா?

நஷ்டம் அவனோடு நிற்பதுமில்லை. பாலம் முடியாதபோது தவித்தவர்கள், கீழே குடியிருந்து தினமும் வேலைக்குப் போய்வந்த ஜனங்களே. அவ்வாறே, சுவருக்கு இப்பாலும் அப்பாலும் வளர்கிற பிள்ளைகள், பெரியப்பன் யார், சிற்றப்பன் யார் என்று அறியாமல் வளருகிறார்கள். அவர்கள் என்ன குற்றம் செய்தார்கள்?

அந்தப் பாதை எந்த மலையை நோக்கிப் போடப்பட்டதென்று கவனியுங்கள். அர்ச். தோமையார் வேதசாட்சியாய் மரித்தாரென்று நம் முன்னோர் பரம்பரையாய்ச் சொல்லிவரும் மலை அது. 1523-இல் அதன் உச்சியில் கட்டப்பட்ட கோவில், திருப்பாலனை எதிர்பார்த்திருந்த தேவமாதாவின் பேரால் விளங்குகிறது. இந்த அப்போஸ்தலரும் ஒரு துண்டைப் பிடித்து வைத்துக்கொண்டவரே. ஆண்டவரோடு சாகவும் போவோம் என்று தைரியமாய்ச் சொன்னவர், அவர் உயிர்த்ததை மாத்திரம் காயங்களைத் தொட்டாலன்றி ஒப்புக்கொள்ளேன் என்றார். எட்டு நாள் அப்படியே இருந்தார். ஆண்டவர் பாதை இல்லையென்று திரும்பிப் போனாரா? இல்லை. பூட்டிய கதவுக்குள்ளே வந்து, அவர் பிடித்து வைத்திருந்த அதே இடத்தில் தம் காயங்களைக் காட்டினார். அந்த இடத்திலிருந்தே, வேறெந்தச் சீடரும் அதுவரை சொல்லாத உன்னத விசுவாசப் பிரமாணம் பிறந்தது.

ஆதலால், பிரியமானவர்களே, உங்களிடமுள்ள அந்த அரைக் கிலோமீட்டர் எது? ஒருவருக்கு அது பேசாத தம்பி. மற்றொருவருக்கு வேலைக்காரிக்கு நிறுத்தி வைத்த கூலி. வேறொருவருக்கு வெட்கத்தால் பாவசங்கீர்த்தனத்தில் மறைத்து வரும் ஒரே பாவம். உங்களுக்கே தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. பெரியதை எல்லாம் கொடுத்தாயிற்று. இந்தச் சிறியதையும் கொடுத்துவிடுங்கள்.

தோமையாருக்கு எட்டு நாள் ஆயிற்று. உங்களுக்கும் அடுத்த ஞாயிறு மட்டும் நாளிருக்கிறது. சனிக்கிழமை மாலையில் பாவசங்கீர்த்தனம் கேட்கக் காத்திருப்பேன். தம்பியோடு வழக்குள்ளவர் அதற்கு முன்னே தம்பி வீட்டுக்குப் போய் வரட்டும். வெறுங்கையோடு போக வேண்டாம்; அங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உங்கள் பங்குச் சுவாமி