நோன்பு அன்று, நோய்





இல்லறத்தார்க்குரிய அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் உண்டெனத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கூறுகிறது. உயிர்களைக் கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், தாங்கவொண்ணாப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் கிடைக்காமற் செய்தல் என்பன அவை. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இவற்றை மனப்பாடமாகக் கற்பித்தவர்கள் நாங்கள். ஏரும் எருதும் வைத்திருந்த நம் முன்னோர்க்கு இவை தேவைப்பட்டன, மாடோ கன்றோ இல்லாத வீட்டில் இவை எங்கே நேரப் போகின்றன என்று எண்ணியும் இருந்தோம். அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டே சொல்ல விரும்புகிறோம்.

பணி ஓய்வுக்குப் பின் நாங்கள் தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையிலுள்ள மேலகரத்தில் மகன் வீட்டில் வாழ்ந்து வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பேரனுக்கு அவன் தாய்மாமன் இரண்டு கினிப்பன்றிகளை வாங்கிக் கொடுத்தார். பெயரில் பன்றி இருப்பினும் அது பன்றி இனம் அன்று; கினி நாட்டிற்கும் அதற்கும் தொடர்பில்லை. தென் அமெரிக்காவின் ஆண்டீசு மலைநாட்டு மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வளர்த்து வரும் சிற்றுயிர் அது. முழு வளர்ச்சியில் ஏறத்தாழ ஒரு கிலோ எடை இருக்கும். புல்லும் தழையுமே அதன் உணவு. யாரையும் கடிக்க முற்படாமல், காலடி ஓசை கேட்டதும் கீச்சிட்டு அழைக்கும் அவ்வுயிர்களை நாங்களும் விரும்பினோம்.

எங்கள் வீட்டில் இரவுண்ணாமை தவறாது கடைப்பிடிக்கப்படுகிறது. விளக்கேற்றும் முன்பே அடுக்களை ஓய்ந்துவிடும். அதே வழக்கப்படி கூண்டிலிருந்த புல்லையும் மாலையில் எடுத்துவிடுவோம். வீட்டு ஒழுக்கம் வீட்டு உயிர்களுக்கும் ஆகட்டுமே என்று அதில் ஒரு பெருமையும் இருந்தது. அவற்றின் உணவுத் தட்டில் இட்டதும் பெரும்பாலும் கடையில் வாங்கிய தானியக் கலவைதான், புல் சிறிதளவே.

ஆனி மாதம், குற்றாலத்தில் சாரல் தொடங்கி ஐந்தருவியிலும் பேரருவியிலும் கூட்டம் நிறைந்திருந்த நேரம். பெரிய கினிப்பன்றி ஒரு மாலை உணவைத் தொடவில்லை. மறுநாள் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கியிருந்தது. உணவருகே வரும், முகரும், திரும்பிவிடும். புழுக்கையும் இடவில்லை. அப்போது எங்கள் வீட்டிற்கு வந்திருந்த உறவினர் ஒருவர், வயதில் மூத்தவர், அறநூற் பயிற்சி உடையவர், அதனைப் பார்த்துவிட்டு, “அம்மா, இதற்கு ஆயுள் முடியும் நேரம். தானாகவே ஆகாரம் விட்டுவிட்டது. இதுவும் ஒரு சல்லேகனைதான். தொந்தரவு செய்யாமல் மந்திரம் சொல்லுங்கள்” என்றார்.

நாங்கள் அவ்வாறே செய்தோம். கூண்டின் அருகே அமர்ந்து பஞ்ச நமஸ்காரம் ஓதினோம். இரண்டாம் இரவு அது உயிர் நீத்தது. வருந்தினோம்; ஆயினும் நற்கதிக்கு வழிசெய்தோம் என்ற நிறைவும் இருந்தது. அந்த நிறைவைத்தான் இன்று நினைத்து வெட்கப்படுகிறோம்.

பத்து நாட்கள் கழிந்து இளையதும் உணவை மறுத்தது. பேரன் அழுதான். இம்முறை மகன் அதனைத் திருநெல்வேலிக்கு எடுத்துச் சென்று ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டினார். அவர் வாயைத் திறந்து விளக்கொளியில் பார்த்தார். கடைவாய்ப் பற்கள் அளவுக்கு மீறி வளர்ந்து நாக்கைக் குத்திக்கொண்டிருந்தன. ஈறில் இரத்தக் கசிவு, மூட்டுகளில் வலி. “இதற்குப் பசி இருக்கிறது, அம்மா. மெல்ல முடியவில்லை” என்றார் அவர்.

வீடு திரும்பும் வழியில் பேரன் கேட்டான்: “பாட்டி, பெரியது விரதம் இருந்ததா? இல்லை, அதற்கும் வாய் வலித்ததா?” எங்களால் விடை கூற இயலவில்லை.

ஆசிரியப் பயிற்சி மாணவிகளுக்குப் பல ஆண்டுகள் நாங்கள் சொல்லித் தந்தது ஒன்றுண்டு. வகுப்பில் ஒரு குழந்தை வாய் திறவாமல் இருந்தால் அதனை அடக்கம் என்று பாராட்டிவிடாதீர்கள். பசியா, காது கேளவில்லையா, அச்சமா என்று அருகே சென்று பாருங்கள் என்போம். அந்தப் பாடத்தை எங்கள் வீட்டுக் கூண்டின் முன் மறந்தோம்.

நன்மக்களே, சல்லேகனை எப்போது ஏற்கத்தக்கது? நீக்க முடியாத இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் ஆகியவை வந்துற்றபோது அறத்தின் பொருட்டு உடலை விடுவதே சல்லேகனை என்று சமந்தபத்திரர் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் வரையறுத்தார். ‘நீக்க முடியாத’ என்னும் அடைமொழியை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். தீர்க்கக்கூடிய நோய்க்குச் சல்லேகனை இல்லை. பல்லை அராவினால் தீரும் துன்பத்தை நோன்பென்று பெயரிட்டுப் பார்த்திருப்பது அறமாகாது.

விலங்கும் நோன்பேற்றது என்று புராணம் சொல்லவில்லையா எனச் சிலர் கேட்கலாம். சொல்கிறது. மகாவீரர் முற்பிறவி ஒன்றில் சிங்கமாக இருந்தபோது சாரண முனிவர் இருவர் அறவுரை பகர்ந்தனர். அது தெளிந்து, மனமுவந்து விரதம் ஏற்றது. அச்சிங்கம் அறிந்து துறந்தது. எங்கள் கினிப்பன்றியோ உணவருகே வந்து வந்து முகர்ந்தது. வேண்டி வந்து, வலியால் திரும்பியது. விரும்பாமல் விடுவதும் விரும்பியும் இயலாமல் விடுவதும் ஒன்றாகா.

மந்திரம் ஓதியது பயனற்றதென்று நாங்கள் கூறவில்லை. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கழுகுமலையில், தரணேந்திரன் படம் விரித்துக் காக்கும் பார்சுவநாதரைப் பாறையிற் செதுக்கியிருக்கக் காணலாம். தவசி விறகைப் பிளக்க முற்பட்டபோது, உள்ளே உயிர்கள் உள்ளன, வெட்டாதே என்று இளவரசராக இருந்த பார்சுவர் முதலில் தடுத்தார். அவன் கேளாமல் வெட்டிய பின்னரே, துண்டுபட்ட பாம்புகளுக்கு அறமொழி கூறினார். சீவகன் நாய்க்கு மந்திரம் ஓதியதும், அடியுண்டு அதன் உயிர் பிரியும் தறுவாயிலேயே. காக்கும் முயற்சி முன்னே. மந்திரம் அதனோடும் அதன் பின்னும். நாங்கள் முன்னதை விட்டுவிட்டுப் பின்னதை மட்டும் செய்தோம்.

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நான்கு. நோயுற்ற சிற்றுயிர்க்கு இந்நான்கும் வேண்டும்.

சாத்திர தானம் என்பது இங்கே நாம் பெற வேண்டிய அறிவு. கினிப்பன்றியின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வன. நார் மிகுந்த புல்லை ஓயாது மென்றால்தான் அவை தேயும். அதன் குடலும் இரவு பகலாக இயங்கிக்கொண்டே இருக்க வேண்டியது. உணவு நின்றால் குடல் ஓய்ந்து, காற்று நிறைந்து, ஓரிரு நாளில் உயிருக்கே ஊறாகும். மாலையில் நாங்கள் புல்லை எடுத்தது எத்தகைய தீங்கு என்பது அன்று விளங்கியது. மேலும், மனிதரைப் போலவே அதன் உடலும் வைட்டமின் சி சத்தைத் தானே ஆக்கிக்கொள்ளாது. 1907ஆம் ஆண்டு நார்வே நாட்டு அறிஞர்களான ஹோல்ஸ்ட், ஃபிரோலிக் ஆகியோர் தானியம் மட்டுமே கொடுத்து வளர்த்த கினிப்பன்றிகளுக்கு ஈறு நோயாகிய ஸ்கர்வி வந்ததைக் கண்டு கூறினர். வைட்டமின் சி பற்றிய அறிவிற்கு அது அடிகோலியது. சோதனைக் கூண்டில் அவை பட்ட துன்பத்தால் நம் பிள்ளைகளின் ஈறுகள் காக்கப்படுகின்றன. அந்தக் கடனை அறியாமல் அதே தானியத்தைக் கொடுத்து அதே நோயை எங்கள் வீட்டில் உண்டாக்கினோம்.

ஔடத தானத்தில் விரைவு வேண்டும். அரை நாள் உண்ணாவிடினும் மருத்துவரிடம் செல்க. நமக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை ஒருபோதும் கொடுக்கலாகாது. பெனிசிலின் வகை மருந்துகள் அதன் குடலிலுள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்களை அழித்து உயிரையே போக்கக்கூடும். திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குவதால் நம் பகுதியினர் தொலைதூரம் அலைய வேண்டியதில்லை.

ஆகார தானமே கடினமானது. மருத்துவர் பல்லை அராவி, வலிக்கு மருந்தளித்தபின், புல் உணவைப் பொடித்து வெந்நீரில் குழைத்து, ஊசி நீக்கிய மருந்துக் குழலால் ஊட்டச் சொன்னார். வயிறு உப்பியிருந்தால் அவரைக் கேளாமல் ஊட்டக் கூடாது என்றும் எச்சரித்தார். மல்லாத்தாமல், மடியில் இயல்பாக இருத்தி, வாயின் பக்கவாட்டில் சிறிது சிறிதாக வைத்து, அது மென்று விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும்.

இரவிலும் என்றதும் தயங்கினோம். பின்னர்த் தெளிந்தோம். இரவுண்ணாமை நாம் அறிந்து ஏற்ற விரதம். நம் நாவை அடக்கவும் சிற்றுயிர்களைக் காக்கவும் அமைந்த அந்த விரதத்தின் பெயரால் ஒரு சிற்றுயிரைப் பட்டினி போடுவது எங்ஙனம் பொருந்தும்? பொழுது சாயுமுன்பே பொடியைச் சலித்து மூடிவைத்தோம். விளக்கில் பூச்சி விழாதபடி வலைத்துணி கட்டினோம். இரவில் வெந்நீர் சேர்த்துக் குழைத்து ஊட்டினோம். எங்கள் விரதம் குறையவில்லை. முனிவர்க்குச் செய்யும் பணிவிடையை வையாவிருத்தியம் என்று அகத்தவத்துள் வைத்தார்கள். அதன் சிறு சாயலை அந்த இரவுகளில் கண்டோம்.

அபய தானம், அச்சம் போக்குதல். பூனை நாய் அணுகாத அமைதியான இடம், காய்ந்த படுக்கை, குளிர்ந்த நிழல் ஆகியவை வேண்டும். சாரல் காலத்து ஈரத்தில் புல் பூசணம் பிடிக்கும். உயிருக்கும் சளி பற்றும். ஆகவே புல்லை நிழலில் உலர்த்தியே இட வேண்டும்.

நான்காம் நாள் காலை, கூண்டிலிட்ட அருகம்புல்லில் ஒரு தாளை அது தானே கவ்வி மென்றது. அந்த மெல்லிய ஓசையைக் கேட்டு வீடே திரண்டுவிட்டது. அதன்பின் இரண்டாண்டுகளுக்கு மேல் நலமாக வாழ்ந்தது. எந்நேரமும் புல், நாள்தோறும் கொத்தமல்லித்தழை, குடைமிளகாய், சிறு கொய்யாத் துண்டு, வாரம் ஒருமுறை தராசில் எடை. இவையே நாங்கள் மேற்கொண்ட நியமம்.

தலைநகர் தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே லால் மந்திர் என்னும் திகம்பரர் ஆலயத்தில் பறவைகளுக்கென மருத்துவமனை நடத்துபவர்கள் நம் சமயத்தார். அத்தகைய அறம் நம் ஒவ்வொரு வீட்டிலும் சிறிய அளவில் இயலும். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும், வளர்ப்பவர் போதிய உணவும் நீரும் தராமையைக் குற்றம் என்கிறது. சட்டம் சொல்வதற்கு நெடுங்காலம் முன்னரே சொல்லியது நம் அறம்.

இல்லறத்தாரே, கூண்டில் உயிரை வாங்கி அடைக்காதிருப்பதே முதல் அறம். திருமண விருந்திற்கென அடைபட்ட விலங்குகளின் குரல் கேட்டுத் தேரைத் திருப்பிய நேமிநாதர் வழியினர் நாம். ஆயினும் பிள்ளைகள் பொருட்டு ஓர் உயிர் வீட்டிற்கு வந்துவிட்டால், அதனை அடைத்தபோதே ஐந்து அதிசாரங்களில் முதலாவதன் விளிம்பில் நிற்கிறோம் என்று உணருங்கள். கட்டப்பட்ட உயிர் வேறிடம் சென்று இரை தேட இயலாது. ஆகவே அது உண்ணாதிருக்கும்போது அமைதியாகப் பார்த்திருந்தால் ஐந்தாவதிலும் கால் வைத்தவராவோம்.

பேரன் அன்று கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லிவிட்டோம்: “அதற்கும் வாய் வலித்தது, கண்ணா. நாங்கள் பார்க்கத் தவறிவிட்டோம்.” நாள்தோறும் பிரதிக்கிரமணத்தின்போது அப்பிழையைக் கூறி வருந்துகிறோம். இதைப் படிக்கும் வீடு ஒன்றில் ஒரு வாயாவது காலத்தில் திறந்து பார்க்கப்படுமாயின், அவ்வருத்தத்திற்கு ஒரு பயன் உண்டாகும்.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க. அருகன் அறம் ஓங்குக.