சைலன்சரைத் திரும்பப் பூட்டுதல்

மோட்டார் சைக்கிளின் சைலன்சருக்குள் சிறு அறைகளும் துளையிட்ட குழாய்களும் உண்டு. எஞ்சினிலிருந்து வரும் ஒலியலைகள் அவற்றில் மோதித் திரும்பி ஒன்றையொன்று தணித்துக்கொள்கின்றன. கொம்பனி பூட்டி அனுப்பிய இதைக் கழற்றி, உள்ளே தடையில்லாத குழாயொன்றைப் பூட்டுவது இங்கே கலிபோர்னியாவில் பலருக்கு ஆசை. எங்கள் பிள்ளைகளும் விலக்கல்ல. சத்தம் கேட்டால் கார்க்காரர் விலகுவர், உயிர் தப்பும் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நடந்த 900 விபத்துகளை ஆராய்ந்து 1981இல் வெளிவந்த ஹரி ஹேட்டின் அறிக்கை, ஆபத்து பெரும்பாலும் முன்பக்கமிருந்தே வருகிறது என்று காட்டியது. குழாயோ பின்பக்கம் பார்த்துக் கத்துகிறது.

சட்டமும் உண்டு. 1986 முதல் தயாரான வீதி மோட்டார் சைக்கிள்களுக்கு அமெரிக்க மத்திய அரசு வகுத்த எல்லை 80 டெசிபல். 2013 முதல் தயாரானவற்றின் சைலன்சரில் அதற்கான முத்திரை இருக்கவேண்டும் என்கிறது கலிபோர்னியச் சட்டம். முன்பெல்லாம் பொலிசிடம் பிடிபட்டவர் பழைய சைலன்சரைப் பூட்டிக் காட்டிச் சிறு கட்டணத்தோடு தப்பலாம். மறுநாளே கழற்றவும் வழியிருந்தது. 2019இல் அந்தச் சலுகை எடுக்கப்பட்டது. ஆனால் எங்களுடைய கேள்வி தண்டம் பற்றியதல்ல. காட்டுவதற்காகப் பூட்டுவதும் ஒழுக்கமாகுமா?

பொறியிலேயே இதற்கு ஒரு விடை இருக்கிறது. தடையற்ற குழாய் பூட்டும்போது பெரும்பாலும் எரிபொருளின் அளவையும் கூட்டிவிடுவார்கள். பழைய வண்டியில் பெரிய ஜெட், புதியதில் கணினியில் மாற்றிய கணக்கு. சைலன்சரை மட்டும் திருப்பிப் பூட்டிவிட்டு அதை அப்படியே விட்டால் வண்டி கரும்புகை கக்கும், பிளக்கில் கரி பிடிக்கும். நசுங்கிய பழைய காஸ்கட்டும் உதவாது. புதிது போட்டு, நட்டுகளைச் சமமாக இறுக்கவேண்டும். வெளியே அடக்கமும் உள்ளே பழைய பசியுமாக வண்டிகூட ஒழுங்காக ஓடாது.

இன்னொரு மறுப்பும் உண்டு. வாய் திறக்கக்கூடாத ஊரிலிருந்து வந்தவர்களல்லவா நாங்கள், இங்கேயும் அடங்கிப்போக வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்கிற்குப் பெற்றோல் தடைப்பட்டது. யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்களைச் சில துளி பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இரவில் அந்தச் சத்தம் படலையடியில் நின்றால், வந்தது யார் என்று தெரியும்வரை வீட்டிலிருந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பார்கள். சத்தம் அப்போது அதிகாரமாக இருந்தது. அமைதி அச்சத்தினால் வந்தது. அதனால்தான் இரண்டையும் பிரித்தறிய வேண்டியவர்கள் நாங்கள் என்று கருதுகிறோம். பிறர் எங்கள் வாயைப் பொத்துவது வேறு. எங்கள் கையிலிருக்கும் சத்தத்தை நாங்களே குறைத்துக்கொள்வது வேறு. முதலாவதை எதிர்த்தவனுக்கு இரண்டாவது இழுக்கல்ல.

உணவகங்களில் சட்டி பானை கழுவி முடித்து நள்ளிரவில் வீடு திரும்புகிறவர்கள் எங்களில் பலர். நாங்கள் கடந்து போகும் ஜன்னல்களுக்குப் பின்னால் விடியுமுன் வேலைக்கு எழவேண்டியவர்கள் உறங்குகிறார்கள், கைக்குழந்தைகள் உறங்குகின்றன. உறங்குகிறவர் எங்களிடம் எதையும் கேட்கமுடியாது. சத்தமின்றிப் போனால் நன்றி சொல்லவும் மாட்டார். போனதே அவருக்குத் தெரியாது. பொலிசும் பார்க்காத, பயன் பெற்றவரும் அறியாத அந்த நேரத்தில் சைலன்சர் வண்டியில் இருக்கிறதா, கராஜின் மூலையில் கிடக்கிறதா என்பதே கேள்வி.